மண்டலத்துலயே முதல் மார்க்கு

— எறங்கு நைனா. எறங்கிட்டுப் பேசு.

— ரெண்டு முடிச்சு தான் பாக்கி கீர்த்தி. அந்தக் கயித்த இப்படித் தூக்கிப் போடு.

— போட மாட்டேன்.

— அப்போ ஏணியாவது புடி. ஆடுது.

— ஆடட்டும்.

— காலங்காத்தால இன்னா பேச்சு இது. ராத்திரி பூரா கம்பெனில நின்னுட்டு வந்து எறங்கி, வூட்டுக்குக் கூட போவாம, பந்தல்காரன் கிட்ட ஏணி கேட்டு வாங்கி, உனக்கோசரம் கம்பத்து மேல தொங்கிக்கினு கீறேன். ஆடட்டும்ன்ற.

— எனக்கோசரம்னு சொல்லாத. என்ன ஒரு வார்த்த கேட்டியா?

— பொண்ணு டென்த்ல மண்டலத்துலயே முதல் மார்க்கு. பெத்தவன் பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸி கட்றான். இதுக்குப் பொண்ணுகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? இந்த விஜயபுரத்துல பாஸானவன் கட்றான், பெயிலானவன் கட்றான், மலைக்கு மாலை போட்டவன் கட்றான். நான் கட்டக் கூடாதா?

— கட்டு. என் போட்டோவ மட்டும் போட்டுக் கட்டு. எங்கூட நிக்கறது யாரு?

— எங்க?

— பக்கத்துல. என் மூஞ்சி எத்தினி பெருசோ அத்தினி பெருசா இன்னொரு மூஞ்சி. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு.

— உன் மாமன். தருணு. ஆளத் தெரியாத மாதிரி கேக்கற.

— ஆளத் தெரியுது. அங்க எதுக்கு நிக்கறான்னு தெரியல.

— புத்தூர்ல அவன் கடையில தானே அடிச்சினு வந்தேன். அடிச்சுக் குடுத்தவன் தன் போட்டோவ ஒரு ஓரமாப் போட்டுக்கினான். அக்கா பொண்ணு பாஸாயிட்டா, அவனுக்கும் பெருமை இருக்காதா?

— ஓரமாவா? எறங்கி ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு பாரு. எது ஓரம்னு வந்து சொல்லு.

— இரு, எறங்கறேன். கத்தாத. டீக்கடையில நாலு பேரு உக்காந்துனு கீறாங்க.

— அந்த நாலு பேரும் எனக்கு முன்னாடி படிச்சிட்டாங்க. டீக்கட அம்மா என்னப் பாத்துச் சிரிச்சுது. பாஸானதுக்குச் சிரிக்குதுன்னு நெனச்சு நானும் பல்லக் காட்டினேன். 'பெள்ளி எப்புடு அம்மாயி'ன்னு கேட்டுது. அப்புறம் தான் தலைய நிமித்தி மேல பாத்தேன்.

— அதுக்கு வேற வேல இல்ல. எந்தப் பொண்ணப் பாத்தாலும் கல்யாணம் எப்போன்னு தான் கேக்கும்.

— ரெண்டு பேர் போட்டோவச் சுத்தியும் ஆர்ட்டின் போட்டிருக்கு நைனா.

— அவன் வருஷம் பூரா கல்யாண பிளெக்ஸி அடிக்கறவன். அவன் கம்ப்யூட்டர்ல கீற மாடலு அது தான்.

— மேல மாவெல தோரணம்.

— நல்ல காரியம்னா தோரணம் இருக்கும்.

— கீழ ஒரு தட்டு. தட்டுல வெத்தல, பாக்கு, தேங்கா. கணக்குப் பரிட்சையில நூத்துக்கு நூறு வாங்குனா வெத்தல பாக்கு எதுக்கு?

— சந்தோஷத்துக்கு.

— அப்போ எழுதி இருக்கறது? அதுவும் சந்தோஷத்துக்கா?

— இன்னா எழுதி கீது?

— நீ படிக்கல?

— நான் எங்க தெலுங்கு படிச்சேன். பேசுவேன். சந்தையில வேர்க்கடல விப்பேன். பஸ்ல கண்டக்டரு சில்ற குடுக்கலன்னா சண்ட போடுவேன். படிக்க மட்டும் வராது. நான் தமிழ் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது. அந்த எழுத்தப் பாத்தா எனக்குக் கோலம் மாதிரி, வட்ட வட்டமா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது.

— நான் படிக்கறேன், கேளு. மொத வரி, பதோ தரகதிலோ மண்டல பிரதம ஸ்தானம்.

— அது தான். அத்தத் தான் போடச் சொன்னேன்.

— அடுத்த வரி. மா இண்ட்டிகி காபோயே கோடலு கீர்த்திகி சுபாகாங்க்ஷலு.

— ம்.

— புரிஞ்சுதா?

— வாழ்த்து சொல்லி கீறான்.

— யாருக்கு வாழ்த்து? தெலுங்குல சண்டயே போடுவேன்ன. தமிழ்ல சொல்லு பாக்கலாம்.

— எங்க வூட்டுக்கு வரப் போற மருமவ கீர்த்திக்குன்னு.

— யார் வூட்டுக்கு? அதுவும் கீழ இருக்கு. இட்லு, தருண், பந்து மித்ருலு. அவனும் அவன் சொந்தக்காரங்களும் ஃப்ரெண்டுங்களும் சேந்து என்ன வாழ்த்தறாங்க. மாங்கு மாங்குன்னு படிச்சு மார்க் எடுத்தது நான். அவன் வூட்டு மருமவன்னு பேரு.

— இப்படியா எழுதி வெச்சான், நாயி.

— நீ ஒருத்தர் கிட்டயும் படிக்கச் சொல்லிக் கேக்கலயா? நூறு பேர் நிக்கற எடத்துல கட்டற. இன்னா எழுதி இருக்குன்னு கேக்க மாட்டியா?

— மச்சான் அடிச்சுக் குடுக்கறான். நம்பி வாங்கினு வந்தேன். நீ மொத பஸ்ல பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருப்ப, வந்து பாத்து சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்.

— மொத பஸ் வரல. வந்திருந்தா டி.சி. வாங்கினு மதியானம் எறங்கி இருப்பேன். அதுக்குள்ள ஊரே எனக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி இருக்கும்.

— சரி, வுடு. ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்கு அவுத்துடலாம்.

— ஒரு நிமிஷம் கூட இருக்கக் கூடாது. போன் குடு, நான் மாமாவையே கேக்கறேன்.

— சார்ஜ் இல்ல.

— இப்போ தானே கம்பத்துக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கினு இருந்த.

— அதுல தான் தீந்து போச்சு.

— நல்லா தீந்துது. சரி, மாமாவ அப்புறம் கேக்கறேன். ஆனா இது அவன் மண்டைக்கு வராது நைனா. அவனுக்கு கூலிங் கிளாஸ் வாங்கறதுக்கே நாலு பேர் யோசன சொல்லணும். யாரோ பின்னாடி நின்னு எழுதச் சொல்லி இருக்காங்க.

— யாரு சொல்லப் போறாங்க?

— அம்மா.

— ம்.

— இன்னா ம்?

— நீ சொல்ற. நான் கேட்டுக்கினு கீறேன்.

— நேத்து எதுக்கு அப்படி ஓடுச்சு நாகலாபுரத்துக்கு? போன் வந்துது, பேசுச்சு, வெச்சுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கட்டி இருந்த பொடவயோட பஸ் ஏறிடுச்சு.

— அவ பொறந்த ஊரு. அவ தம்பி வூடு. போவா, வருவா.

— ரிசல்ட் வந்த அன்னிக்கு நீ கேக் வாங்கினு வந்தியே, ஒரு வாய் துன்னுச்சா அது? தெருவுக்கே குடுத்த. அது மட்டும் அடுப்பாண்ட உக்காந்துக்கினு, 'இனிமே தான் ஆரம்பிப்பாங்க'ன்னு தானா பேசிக்கினு இருந்துது. அப்போ எனக்குப் புரியல.

— உங்கம்மாவ நான் இன்னா சொல்ல? கூடப் பொறந்தவன். அவளுக்கு மனசு அந்தாண்ட இழுக்கத் தான் செய்யும்.

— உனக்கு முன்னாடியே தெரியுமா?

— தெரியாது. பொதுவா சொல்றேன். எல்லா வூட்லயும் நடக்கறது தானே. தம்பிக்கு அக்கா பொண்ணு. புதுசாவா செய்றாங்க?

— மாமாவுக்கு இருவத்தேழு. எனக்குப் பதினாறு கூட முடியல.

— இப்பவே தாலி கட்டுன்னு யாரு சொன்னாங்க? பேசி வெக்கறது தான். பதினெட்டு முடியட்டும், படிக்கறதப் படிக்கட்டும், பையனும் கட வெச்சிருக்கான், குடிக்கறதில்ல, வூட்டோட வூடா இருக்கும்னு... உங்கம்மா நெனச்சிருப்பா.

— நீ இன்னா நெனக்கற?

— நானா?

— நீ தான். திங்கக்கெழம நான் திருப்பதில சேரணும். ஹாஸ்டலோட ஃப்ரீ சீட்டு. அவங்களே போன் பண்ணிக் கூப்பிட்டாங்க. டி.சி. வாங்கினு வந்தா போதும். நீ அனுப்பறியா, இல்லியா?

— அனுப்ப மாட்டேன்னு எப்போ சொன்னேன்?

— அனுப்பறேன்னும் சொல்லல. ரிசல்ட் வந்ததுல இருந்து ஊர்ல எல்லார் கிட்டயும் என் மார்க்கச் சொல்லிட்ட. அடுத்தது இன்னான்னு யாராவது கேட்டா மட்டும் உனக்கு டூட்டிக்கு நேரமாயிடுது.

— தோ பாரு கீர்த்தி. எங்க லைன்ல எத்தினி வருஷமா நிக்கறேன். சூப்பர்வைசர் ஒரு நாள் என் பேரச் சொல்லிக் கூப்ட்டதில்ல. 'ஏய், லைன் மூணு' தான். உன் மார்க்கு வந்த ராத்திரி, அவனே நடந்து வந்து, 'வெங்கடரமணன், பொண்ணு கலக்கிட்டாளாமே'ன்னு கை குடுத்தான். என் கையில கிரீஸு. தொடச்சிக்கினு குடுக்கறேன்னேன். பரவால்லன்னு புடிச்சிக்கினான்.

— இத்த நீ மூணு தடவ சொல்லிட்ட.

— மீதிய சொல்லல. கேளு. அவன் போன பின்னாடி கூட நிக்கறவனுங்க எல்லாம் ஒன்னாச் சேந்துக்கினு, 'இத்தோட சரி வெங்கடரமணா, இனி பொண்ணு உன் கையில இல்ல'ன்னானுங்க. சிரிச்சுக்கினே சொன்னானுங்க. ஒருத்தன் பொண்ணு திருப்பதிக்கு படிக்கப் போச்சு, பெங்களூரு போச்சு, அங்கயே எவனையோ கட்டிக்கினு, இப்போ பொங்கலுக்கு மெசேஜ் அனுப்புது. பொம்ம பொங்கப் பான. அத்த எங்ககிட்டக் காட்டினு அழறான், ஷிப்டு நடுவுல.

— அதுக்கு?

— அதுக்குன்னா?

— அவன் பொண்ணு பொம்ம பான அனுப்புனா நான் கூலிங் கிளாஸக் கட்டிக்கணுமா?

— நான் அப்படிச் சொல்லல.

— திருப்பதி எந்தச் சீமையில இருக்கு? பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டா எறங்கிடலாம். நீ என்னமோ நான் கப்பல் ஏறப் போற மாதிரி பயப்படற.

— பயமா? எனக்கா? பெருமையா இருக்கறவன் இன்னாத்துக்குப் பயப்படணும்?

— அப்போ அந்தக் கத்தியக் குடு.

— எதுக்கு?

— கயிறு அறுக்க. கயிறு வேணாம், மாமா மூஞ்சில இருந்தே ஆரம்பிக்கறேன்.

— கிழிக்காத கீர்த்தி. கிழிச்சா ஊரு வேற பேசும். பொண்ணுக்கு இஷ்டம் இல்ல, வேற எவனோ கீறான்னு பேசும். நானே அவுக்கறேன். நீ தள்ளி நில்லு.

— ஏறு. நான் ஏணி புடிக்கறேன்.

— இப்போ புடிக்கற.

— இப்போ நல்லது பண்ற, புடிக்கறேன். அந்த முடிச்சு இல்ல, அதுக்கு மேல. இன்னா இது, யானையக் கட்ற மாதிரி கட்டி இருக்க.

— காத்துல போவக் கூடாதுன்னு கட்னேன்.

— நைனா.

— இன்னா?

— அம்மாகிட்ட நீயே பேசு. நான் பேசுனா சண்டயாயிடும். திங்கக்கெழம அவ போறா, உன் தம்பிய மறந்துடுன்னு நேராச் சொல்லிடு. நீ சொன்னா அது ஒன்னியும் பண்ண முடியாது.

— பேசறேன்.

— சத்தியமா?

— பேசறேன்னு சொன்னேனே. உங்கம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும். தம்பி மேல ஆச வெச்சிருப்பா. எடுத்ததும் வெட்டிப் பேசக் கூடாது. இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம்...

— திங்கக்கெழம சேரலன்னா சீட்டு வேற பொண்ணுக்குப் போயிடும்.

— சரி, இன்னிக்கே பேசறேன். போதுமா?

— போதும். உன்னத் திட்டிட்டேன். எழுத்து தெரியாதவனப் போய் ரோட்டுல நிக்க வெச்சுக் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத.

— என் பொண்ணு தானே. கத்துனா கத்திட்டுப் போ. சுருட்டு, இத்த. உள் பக்கமாச் சுருட்டு, எழுத்து வெளிய தெரியாம.

— பஸ் வருது. என் பஸ் இல்ல, அந்தாண்ட இருந்து வர்றது. நில்லு. அம்மா தானே எறங்குது?

— அவளா? இவ்ளோ சீக்கிரமாவா? நீ வூட்டுக்குப் போ கீர்த்தி, நான் பேசிட்டு வரேன்.

— எதுக்குப் போவணும்? இங்கயே கேக்கறேன். வாம்மா. வா. உன்னத் தான் பாத்துக்கினு நிக்கறோம்.

— ஏன்டி, காலக் கீழ வெக்கறதுக்குள்ள கத்தற? ராத்திரி பூரா தூங்கல, தலய வலிக்குது.

— தூக்கம் எப்படி வரும்? தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டு வர்றியே. அதுவும் ஒரே வூட்டுக்குள்ள. தூரமாத் தேடற செரமம் கூட இல்ல.

— இன்னாடி பேசற?

— இதோ, சுருட்டிக் கையில வெச்சிருக்கேன், உன் தம்பி அடிச்சது. தெலுங்குல எழுதினா நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, கட்டி வுட்டுடுவாரு, ஊரு பாத்துட்டா நான் வாயத் தொறக்க முடியாது. நல்லா கணக்குப் போட்டிருக்கீங்க அக்காவும் தம்பியும். நான் கூட அவ்ளோ நல்லா கணக்குப் போட மாட்டேன்.

— இங்கயும் கட்டியாச்சா?

— கட்டி, அவுத்தும் ஆச்சு. நைனா தான் அவுத்தாரு. நான் திருப்பதி போறேம்மா. நீ எத்தினி பிளெக்ஸி வேணா அடி.

— நான் அடிச்சேன்னு உனக்கு யாரு சொன்னது?

— நைனா கிட்டக் கேளு. உனக்கு மனசு அந்தாண்ட இழுக்குதுன்னு சொன்னாரு.

— அப்படியா சொன்ன நீ?

— அம்சா, வூட்டுக்குப் போய்ப் பேசலாம். ஜனங்க பாக்கறாங்க.

— ஜனங்க பாக்கறதுக்குத் தானே கட்டுன? பாக்கட்டும். சொல்லு. எனக்கு மனசு எந்தாண்ட இழுக்குது?

— நான் பொதுவா சொன்னேன்.

— எங்க ஊர்ல கோயில் தெரு முனையில இதே மாதிரி ஒன்னு தொங்குச்சு. முந்தாநேத்தே கட்டிட்டாங்களாம். நேத்து எங்க சித்தி போன் பண்ணி, 'பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டு எங்களுக்கு ஒரு வெத்தல பாக்கு இல்லியா'ன்னு கேக்குது. இன்னா நிச்சயம், யாருக்கு நிச்சயம்னு நான் முழிக்கறேன். போனேன். பாத்தேன். அதே தெருவுல தருண நிக்க வெச்சு ரெண்டு அற வுட்டேன். ஸ்டூல் போட்டு நானே ஏறி அறுத்தேன்.

— நீ மாமாவ அறஞ்சியா?

— பின்ன, ஆரத்தி எடுப்பாங்களா? எந்தங்கச்சிய பதினஞ்சுல கட்டிக் குடுத்தாங்க. அவ நெலம இன்னான்னு நான் பாத்தவ. என் பொண்ண அந்தக் கெணத்துல தள்ளுவேனா? என் தம்பியா இருந்தா இன்னா, எவனா இருந்தா இன்னா.

— அப்போ நீ அதுக்கோசரமா போன? எங்கிட்டச் சொல்லி இருக்கலாமே.

— சொன்னா நீ இன்னா பண்ணுவ, அழுவ. மொதல்ல அறுத்துட்டு வருவோம்னு போனேன். இந்தா, கக்கத்துலயே தூக்கினு வந்தேன், பஸ்ல எல்லாரும் பாயின்னு நெனச்சாங்க. புடி. விரி.

— இது இன்னாம்மா, எழுத்து வேற மாதிரி இருக்கு?

— எங்க ஊர்ல தெலுங்கு எத்தினி பேரு படிப்பாங்க? அதுக்கோசரம் தனியா தமிழ்ல அடிச்சிருக்காங்க. படி.

— எனக்குத் தமிழ் எங்கம்மா வரும்? ஒன்னாவதுல இருந்து இங்கிலீஷும் தெலுங்கும். ஒரு எழுத்து தெரியாது.

— உன்னத் தமிழ்ல சேக்க வேணாம்னு சொன்னவரு இதோ நிக்கறாரு. அவரு படிச்சிருக்காரு. அவரே படிக்கட்டும்.

— கண்ணாடி எடுத்துனு வரல அம்சா.

— டீக்கடையில பேப்பரு கண்ணாடி போட்டா படிக்கற? இது எழுத்து ஒவ்வொன்னும் பூசணிக்கா மாதிரி கீது.

— படி நைனா. தெலுங்கு தானே வராதுன்ன.

— கீர்த்தி, வூட்ல போய்...

— படி.

— 'பத்தாம் வகுப்பில் மண்டலத்தில் முதலிடம் பெற்ற எங்கள் செல்வி கீர்த்திக்கு வாழ்த்துகள்.' அவ்ளோ தான்.

— அவ்ளோ தானா? மூணு வரி இருக்கு நைனா. எனக்கு எண்ணத் தெரியும்.

— 'கீர்த்தியை செல்வன் தருணுக்குத் தருவதாக இரு வீட்டாரும் மகிழ்ச்சியுடன் நிச்சயித்திருக்கிறோம்.'

— இரு வீட்டாராம். நான் எந்த வூட்டு ஆளுன்னு தெரியல. மேல படி.

— போதும் அம்சா. அவ பாத்துக்கினு நிக்கறா.

— கடேசி வரி நைனா.

— 'இப்படிக்கு, பெண்ணைக் கொடுக்கும் தந்தை, வெங்கடரமணன்.'